மயில் பிடித்த அலவாங்கு

“பப்பா, இந்த மாமிக்கு ஏன் கண் இல்லை?”

என் மகள் தேவிகா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. மாமியைத் தமிழிலும் கண்ணைப் பிரெஞ்சிலும் சொன்னாள். கையில் பாதி கடித்த வாழைப்பழம் இருந்தது. பதிலுக்குக் காத்திருக்காமல் பனியில் சறுக்கி விளையாடப் போய்விட்டாள். அவள் அதை அன்றே மறந்திருப்பாள். எனக்குத்தான் மறக்க முடியவில்லை. பிள்ளை ஒன்றைக் கேட்டால் பெரியவர்கள் எப்படியாவது பதில் தேடிக் கொடுக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான்.

ராதா பிள்ளை, நான் சொல்வதை இந்தப் பொலிஸ் அம்மாவுக்கு அப்படியே பிரெஞ்சில் சொல்லுங்கள். நீங்கள் சென்னையில் இருந்து படிக்க வந்தவர். என் யாழ்ப்பாணச் சொற்கள் சில உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். இந்தக் கதையில் சிரிக்க நிறைய இருக்கிறது. அம்மா கேட்க வந்தது ஒரு கல்லைப் பற்றி. அதைச் சொல்கிறேன். ஒரு கையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதையும் நானே சொல்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி மிச்சத்தை விழுங்குவது எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் ஆனந்தராசா. மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றுக்குக் கொன்சியேர்ஜ். குளிர்காலத்தில் படிகளுக்கு உப்புத் தூவுவது, கொதிகலனைக் கவனிப்பது, ஒழுகும் குழாயைத் திருத்துவது என் வேலை. பெரிய நன்மை செய்ய எனக்கு வசதி போதாது. சின்ன நன்மைகளை விடுவதில்லை. இரண்டாம் மாடிப் பிலோமினம்மாவின் குப்பைப் பையை அவர் கேட்காமலே கீழே கொண்டுபோவேன். யாராவது சாவியை மறந்தால் நித்திரையில் இருந்து எழும்பி வந்து சிரித்துக்கொண்டே திறந்துவிடுவேன். இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்துதான் ஒரு மனிதன் நல்லவனாகிறான்.

ஃபராய் எங்கள் கட்டடத்துக்கு வந்தது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில். சிம்பாப்வே நாட்டுக்காரர், சோனா இனத்தவர். சிற்பக் கண்காட்சி ஒன்றுக்காக வந்தவர், ஊரில் நிலைமை கெட்டுப்போனதால் இங்கேயே தங்கிவிட்டார். இரவில் டவுன்டவுனில் அலுவலகம் கூட்டித் துடைக்கும் வேலை. வந்த இரண்டாம் நாளே என்னைப் பிடித்து, பின் ஒழுங்கையில் சும்மா கிடந்த கராஜைக் கல் உடைக்கத் தருவாயா என்று கேட்டார். எங்கள் ஊரில் கல் உடைப்பது மறியலில், அதாவது சிறையில், இருப்பவர்களின் வேலை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டதில்லை. வயிற்றில் தொடங்கித் தோளுக்கு ஏறி, பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிடும். மேலே சமையலறையில் நின்ற என் மனைவி யோகராணி, என்ன விஷயம் என்று தெரியாமலே தானும் சிரித்தாள். கராஜைக் கொடுத்துவிட்டேன்.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்கு அது எப்போதும் எங்கள் தமிழாகத்தான் கேட்டது. அதனால் அப்படியே சொல்கிறேன்.

ஃபராய் என்றால் அவர்கள் மொழியில் ‘மகிழ்ந்திருங்கள்’ என்று பொருளாம். ஊரில் அவர் பஸ் கொண்டக்டராக இருந்தவர். ஒருநாள் பாம்புத் தோல் நிறக் கற்கள் கிடக்கும் மலை ஒன்றின் அடியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. உதவி வரும்வரை பொழுது போகவில்லை. பஸ்ஸின் சக்கரச் சில்லுக் கழற்றும் ஸ்பனரால் ஒரு கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாராம். தட்டத் தட்ட உள்ளேயிருந்து ஒரு தலை வந்ததாம்.

“பேந்து?” பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

“பேந்தென்ன. பஸ் திருந்தி வெளிக்கிட்டுது. நான் ஏறேல்லை. ரிக்கற் புத்தகம் இன்னும் என்னட்டைத்தான் கிடக்கு. உனக்கொரு ரிக்கற் கிழிக்கவா?”

இப்படி ஒரு மனிதருடன் எப்படி மகிழ்ச்சியாக இல்லாமல் இருப்பது? 

அவர் கல்லைச் செதுக்குவதைவிடக் கல்லின் பக்கத்தில் சும்மா இருப்பதுதான் அதிகம். முதலில் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். நல்ல கல் மணிபோல ஒலிக்கும். உள்ளே வெடித்த கல் தகரம்போல இருமும். பிறகு ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். என்ன செய்கிறீர் என்றால், அது இன்னும் கதைக்கவில்லை என்பார். கல்லுக்குள் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், தான் உடுப்பைக் கழற்ற உதவுகிறவன் மட்டும்தான் என்பார். அவர்களுடைய கற்களுக்கு மேலே பழுப்பாக, கரடுமுரடாக ஒரு தோல் உண்டு. உள்ளே போனால் கறுப்பு. சூடுகாட்டி மெழுகு பூசினால் அந்தக் கறுப்பு கண்ணாடிபோல மினுங்கும். ஆனால் தோல் முழுவதையும் அவர் எடுக்க மாட்டார். எங்கேயாவது ஒரு பகுதியை அப்படியே விட்டுவிடுவார். அதைத்தான் நான் முதலில் சோம்பல் என்று நினைத்தேன்.

எங்கள் நட்பு ஒரு மயிலில் தொடங்கியது. அவர்களிடம் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பிராணி உண்டு. ஒருவருக்கு நன்றி சொல்லும்போது பெயரைச் சொல்லாமல் அந்தப் பிராணியைச் சொல்லித்தான் நன்றி சொல்வார்களாம். அப்போதுதான் அவருடைய முன்னோர் எல்லோருக்கும் நன்றி போய்ச் சேருமாம். ஃபராயின் குலம் குரங்கு. நான் ஒரு போத்தல் ரசம் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, நன்றி சொல்ல வழியில்லாமல் தவித்துப்போனார்.

“உன்ரை ஆக்களுக்கு என்ன மிருகம்?”

எனக்கு எங்கே குலத்துக்கு மிருகம். யோசித்துப் பார்த்தேன். நல்லூர் முருகனின் பிள்ளைகள் நாங்கள். மயில் என்றேன். அவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் குவித்து மெதுவாகத் தட்டி, “நன்றி, மயில்,” என்றார். அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. ஒரு மனிதன் என் முப்பாட்டனுக்கும் சேர்த்து ரசத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கோடையில் ஃபராயின் தாய் இறந்துபோனார். அவரால் போக முடியவில்லை. போனால் திரும்பி வர முடியாத நிலையில் அவருடைய பத்திரங்கள் இருந்தன. சில நாள் கராஜில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தமையனுக்கு அழைத்து, தாயின் தோட்டத்தில் இருக்கும் ஒரு கல்லை அனுப்பச் சொன்னார். அது பெரிய வேடிக்கை. அந்தக் கல் தோட்டத்தின் நடுவில் பாதி புதைந்து கிடந்ததாம். கொத்தும்போதெல்லாம் மண்வெட்டியை முறித்ததாம். தாய் வாழ்நாள் முழுவதும் அதைத் திட்டியவராம். ஏச்சுக் கேட்டுக் கேட்டே அந்தக் கல் கறுத்ததென்று ஃபராய் சொன்னார்.

“அந்தக் கல்லுக்கு அவவை நல்லாத் தெரியும், மயில். என்னைவிடத் தெரியும். அதுதான் அவவைச் சொல்லும்.”

கல் கப்பலில் வந்து, லொறியில் ஏறி, எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. ஓர் ஆள் குந்தியிருக்கும் உயரம். அதை இறக்க எங்கள் கட்டடத்து ஆண்கள் முழுப்பேரும் தேவைப்பட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் வேலையால் வந்து, தேநீர் குடித்து, கல்லின் முன் இருந்தார். மெல்ல மெல்ல ஒரு பெண் வந்தாள். குனிந்த தோள்கள், மடியில் சேர்த்த கைகள், சற்றே பக்கவாட்டில் சரிந்த தலை. கன்னமும் வாயும் பட்டுப்போல வந்துவிட்டன. வாயில், யாரையோ ஏசப்போகிற ஒரு சிரிப்பு.

எங்கள் கட்டடமே அவளைப் பார்க்க வரத் தொடங்கியது. முதலில் யோகராணி வடையோடு வந்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, இது அம்மனெல்லே.”

பிலோமினம்மா மெழுகுதிரியோடு வந்தார். “தம்பி ஆனந்தராசா, இவள் விசர்க்கதை கதைக்கிறாள். இது எங்கடை மடு மாதா. வடிவாப் பார்.”

“மாதாவுக்கு முக்காடு எங்கை அக்கா?”

“உன்ரை அம்மனுக்குச் சூலம் எங்கை?”

ஃபராய் வாளியில் இருந்தபடி வடையைத் தின்றுகொண்டு, என்ன சண்டை என்று என்னைக் கேட்டார். சொன்னேன். சிரித்துச் சிரித்து வாளியோடு சரிந்தார். “ரெண்டு பேரிட்டையும் சொல்லு, என்ரை அம்மா ரெண்டு பேரையும் ஏசுவா எண்டு.”

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் யோகராணி பூ வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிலோமினம்மா திரி கொளுத்தினார். திரியின் மிச்ச மெழுகை ஃபராய் கல்லுக்குப் பூச எடுத்துக்கொண்டார். தரையில் விழும் சாம்பல் நிறத் தூளை யோகராணி ஒரு தகரப் பேணியில் சேர்த்து, நெற்றியில் பூசக் கொடுத்தாள். எங்கள் கட்டடத்தில் ஒருவருடன் ஒருவர் முகம் கொடுத்துப் பேசாதிருந்தவர்கள் கராஜில் சேர்ந்து தேநீர் குடித்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான குளிர்காலம் இருந்ததில்லை. படிகளுக்கு உப்புத் தூவும்போதுகூடப் பாடிக்கொண்டு தூவினேன்.

அந்த நாட்களில்தான் தேவிகா அதைக் கேட்டாள். உண்மைதான், அந்த அம்மாவுக்குக் கண் இல்லை. நெற்றியில் இருந்து கன்னத்தின் மேடு வரை பழுப்புத் தோல் அப்படியே இருந்தது, யாரோ உள்ளங்கையால் பொத்தியதுபோல. ஃபராயிடம் கேட்டேன்.

“கண் வேண்டாம் அவவுக்கு. வேலை முடிஞ்சுது, மயில். இனி மெழுகு மட்டும்தான்.”

ஆவணியில் ஊரில் அவர்களுடைய சடங்கு நடக்க இருந்தது. இறந்தவரின் ஆவியை வீட்டுக்குத் திரும்ப அழைக்கும் சடங்கு. பிள்ளைகள் எல்லோரும் நிற்க வேண்டும். ஃபராயால் நிற்க முடியாது. அவருக்குப் பதிலாக இந்தக் கல் போகும். தோட்டத்தின் நடுவில், எங்கிருந்து எடுத்தார்களோ அங்கேயே போய் இருக்கும். “இது போய்ச் சேராட்டி, அம்மான்ரை கடைசிக் காரியத்துக்கு நான் போகேல்லை எண்டுதான் கணக்கு,” என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை. அதுவரை சிரிக்காமல் அவர் சொன்ன ஒரே விஷயம் அதுதான். அதனால் அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ராதா பிள்ளை, உங்கள் ஊரிலும் இது உண்டு. கோயிலுக்குச் சிலை செய்தால் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். அதுவரை அது கல். திரை கட்டி, நல்ல நேரம் பார்த்து, ஆசாரியார் ஊசி உளியால் கண்ணைத் திறந்தவுடன் அது தெய்வம். திறந்த கண் முதலில் பார்ப்பதற்குக் கண்ணாடியும் பசுவும் முன்னால் வைப்பார்கள். இதை இந்த அம்மாவுக்கு நன்றாக விளக்குங்கள். கண் திறக்காத சிலையை அப்படியே விடுவது, பிள்ளையைப் பெற்றுத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பெயர் வைக்காமல் போவது மாதிரி. ஃபராய் நல்ல மனிதர். ஆனால் அவர்களுக்கு இந்த முறை தெரியாது. தெரியாத ஒருவருக்குத் தெரிந்தவன் உதவ வேண்டும்.

சித்திரை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வேலையால் வருமுன் நான் கராஜுக்குப் போனேன். குளித்து, விரதம் இருந்து போனேன். குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். பசுவுக்கு எங்கே போவது. தெரு மூலையில் இருக்கும் தெபனர் கடையில் ஒரு பால் பெட்டி வாங்கினேன். அதில் ஒரு பசுவின் படம் இருந்தது, நல்ல கொழுத்த பசு. படத்தைக் கல்லின் பக்கம் திருப்பி வைத்தேன். யோகராணியின் சேலையைத் திரையாகக் கட்டினேன். ஃபராயின் ஆகச் சின்ன உளியை எடுத்து, தேவாரம் சொல்லிக்கொண்டே தட்டினேன். அதற்கு முன் நான் கல்லில் கை வைத்தவனல்ல. ஆனால் அது கஷ்டமாக இருக்கவில்லை. தோல் சில்லுச் சில்லாகக் கழன்றது, உள்ளே கறுப்பு வந்தது. இரண்டு மாவடுக் கண்கள். நடுவில் கருமணி. ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகிவிட்டது, அதனால் பால் பெட்டியைப் பார்த்து ஆச்சரியப்படுவதுபோல ஒரு பார்வை. நான் விழுந்து கும்பிட்டேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. 

ஃபராய் காலையில் வந்தார். திரையை நானே விலக்கினேன். அவர் வாளியில் இருந்தார். வெகுநேரம் அவளைப் பார்த்தார். பிறகுதான் சொன்னார்.

தாய் இறந்தபோது தமையன் கண்களை மூடினாராம். அவை திறந்துகொண்டனவாம். மறுபடி மூடினாராம், மறுபடியும் திறந்துகொண்டனவாம். கடைசி மகன் வரவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறா என்று ஊரில் சொன்னார்களாம். திறந்த கண்களோடுதான் புதைத்தார்களாம்.

“ஒரு குளிர்காலம் முழுக்க என்ரை கையாலை பொத்திப் பொத்தி அவவை நித்திரையாக்கினனான், மயில்.”

நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். தாய் பார்த்தால் மகனுக்கு என்ன பயம் என்று கேட்டேன். தேநீர் கொண்டுவந்து கொடுத்தேன். சீனி கொஞ்சம் கூடப் போட்டேன்.

இரண்டு நாள் அவர் கராஜுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, பழையபடி என் தோளில் தட்டினார். அவருக்குக் கோபமே இல்லை, அதுதான் அவருடைய குணம். முகத்தை இன்னும் ஒரு படை உள்ளே எடுத்தால் கண்கள் போய்விடும், கல் போதும் என்றார். அம்மா கொஞ்சம் மெலிந்து போவா, ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று பகிடியும் விட்டார். அதற்கு அவளை மல்லாத்த வேண்டும், அலவாங்கைப் பிடிக்க நான் வேண்டும்.

அலவாங்கு என்றால் உங்கள் கடப்பாரை, பிள்ளை. கனமான கல்லைச் சாய்க்க அதைத்தான் நெம்பாக அடியில் கொடுப்போம். ஒருவர் அலவாங்கின் முனையில் பாரத்தைப் போட்டு அமுக்கினால் கல் ஒரு பக்கம் எழும்பும். மற்றவர் அந்த இடைவெளிக்குள் கட்டையைத் தள்ளுவார். நாங்கள் பல தடவை செய்த வேலை. நான் அமுக்கினேன். அவர் முழங்காலில் இருந்து கட்டையைத் தள்ளினார். கட்டை குறுக்கே திரும்பிச் சிக்கிக்கொண்டது. அதைச் சரிப்படுத்த வலது கையை உள்ளே விட்டார்.

“விடாதை, மயில்.”

ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்வார். நம்பிக்கை இல்லாமல் அல்ல, பாட்டுக்குத் தாளம்போல.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், சற்று ஆச்சரியத்தோடு. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு மகன் தன் கையாலேயே தாயின் கண்ணைத் தோண்டப் போகிறான் என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. திறந்த கண்ணைக் கெடுத்தால் ஏழு பிறப்புக்கும் தீராத பாவம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அவ்வளவு நல்ல மனிதர், எங்களையெல்லாம் சிரிக்க வைத்தவர், அந்தப் பாவத்தைச் செய்ய நான் உதவிக்கு நிற்பதா? செய்கிற கை இல்லாவிட்டால் பாவம் இல்லை.

என் கை வழுக்கவில்லை. இதைப் பொலிஸ் அம்மாவிடம் சரியாகச் சொல்லுங்கள். வியர்க்கவும் இல்லை. கோயிலில் பூச் சொரியும்போது விரல்களை விரிப்போமே, அப்படித்தான் விரித்தேன். பிறகு உடனேயே அலவாங்கைப் பிடித்துக் கல்லைத் தூக்கினேன். அதையும் சொல்லுங்கள். உடனேயே தூக்கினேன்.

அம்புலன்ஸை அழைத்தவன் நான்தான். யோகராணி அப்போதுதான் தோய்த்து மடித்த துவாயால் அவர் கையைச் சுற்றியவனும் நான்தான். ஆஸ்பத்திரியில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள், பெருவிரல் மிஞ்சியது. நாங்கள் கட்டடமே திரண்டு போனோம். பிலோமினம்மா செபமாலை உருட்டினார். யோகராணி புட்டும் மீன்குழம்பும் கொண்டுபோனாள். நான்தான் குழைத்து ஊட்டினேன். நான் அழுதேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

“உன்ரை பிழை இல்லை. அலவாங்கு எண்டால் வழுக்கும்தானே. அம்மாதான் கோவிச்சிட்டா. நித்திரையிலை எழுப்பினாப் பிறகு திரும்பவும் படு எண்டால் ஆர்தான் கோவிக்காயினம்?”

நான் அதைத் திருத்தவில்லை. தாய் தன்னோடு கோபித்துக்கொண்டாள் என்று நினைக்கிற மகனுக்கு, தாய் எங்கேயோ அருகில் இருக்கிறாள் என்ற ஆறுதல் இருக்கும். அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

சில வாரம் கழித்து அவர் இன்னொன்று சொன்னார். முன்புபோல வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே சொன்னார். “கண்ணோடையே போகட்டும், மயில். அண்ணர் ஒருக்கா ஏசினால் தானாக மூடுவா. நீதானே பெட்டியடிச்சு அனுப்பிவிடுவாய்? எனக்கு இந்தக் கையாலை சுத்தியல் பிடிக்க ஏலாது.”

பாருங்கள், எவ்வளவு பெருந்தன்மை. ஆனால் அந்தச் சொல் என்னை ஒரு பெரிய சங்கடத்தில் மாட்டிவிட்டது. கண் திறந்த தெய்வத்துக்கு ஒரு நாள்கூட விளக்கு இல்லாமல் இருக்கக்கூடாது. அங்கே தோட்டத்து நடுவில், மழையிலும் வெயிலிலும், யார் விளக்கு வைப்பார்கள்? யார் பூ வைப்பார்கள்? இங்கே யோகராணி இருக்கிறாள், பிலோமினம்மா இருக்கிறார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து கும்பிடுகிறார்கள். மொன்ட்ரியால்-நோரில் இருந்துகூட ஒரு குடும்பம் பஸ் மாறி வந்தது. அவளை அனுப்புவது கொடுமை. அவளை வைத்துக்கொள்வது ஃபராய்க்கு நஷ்டம். அவருடைய கை வேறு என் மனதில் கொஞ்சம் இருந்தது. நான் கடன்பட்டவன் என்று முதல் தடவையாக உணர்ந்தேன்.

பொலிஸ் அம்மா கேட்க வந்த இடத்துக்கு வந்துவிட்டோம். ஃபராயின் தமையன் அங்கே சடங்கு நாளில், ஊர் முழுவதும் கூடி நிற்க, பெட்டியை உடைத்தபோது உள்ளே இருந்தது என்ன என்றுதானே கேட்கிறீர்கள். ஃபராய் பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாராம். வழியில், துறைமுகத்தில் மாறியிருக்கும் என்று அவர் நினைக்கிறார். என்மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இன்று காலைகூட என்னிடம்தான் சேர்ட்டுப் பொத்தான் போட்டுவிடச் சொன்னார்.

உள்ளே இருந்தது என் தாயின் அம்மி.

யோகராணி கனடாவுக்கு வந்தபோது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்தது. என் தாய் இப்போது இல்லை. அவர் செத்தபோது சண்டை நடந்துகொண்டிருந்தது, நானும் போகவில்லை. நாற்பது வருடம் அவர் அரைத்ததால் அம்மியின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. தொட்டால் அவர் முதுகைத் தொடுவதுபோல இருக்கும். உலகத்தில் என்னிடம் அதைவிடப் பெரிய பொருள் இல்லை. ராதா பிள்ளை, இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது, ஆனால் முயற்சி செய்யுங்கள். அம்மி என்ற சொல்லிலேயே அம்மா இருக்கிறார். குழவி என்றால் அரைக்கிற கல் மட்டுமல்ல, குழந்தையும்தான்.

பொதி ஏற்றும் லொறி வருவதாக இருந்த காலை, ஃபராய் ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போயிருந்தார். அந்தக் கல் சிற்பத்தை அலவாங்கால் நெம்பிக் கராஜின் பின்மூலைக்கு நகர்த்தித் தார்ப்பாயால் மூடினேன்; அன்றிலிருந்து கராஜ் பூட்டுத்தான், சாவி என்னிடம், இரவில் நான்தான் போய் விளக்கு வைக்கிறேன். அம்மியைப் பெட்டியில் வைத்தேன். குழவியைத் தேவிகாவின் சின்ன வயதுத் துணி ஒன்றில் சுற்றி அதன்மேல் கிடத்தினேன். நான் ஏமாற்றுக்காரன் அல்ல. கராஜில் கூட்டிச் சேர்த்த கல் சில்லுகள் அத்தனையையும் சுற்றிவரக் கொட்டினேன். அவருடைய தாயிலும் ஒரு பங்கு ஊருக்குப் போகட்டும். பாரமும் ஏறக்குறையச் சரியாக வந்தது. ஆணி அடிக்கும்போது என் கைகள் இறகுபோல இருந்தன. லொறிக்காரர்களிடம் கவனமாகக் கொண்டுபோகச் சொன்னேன். “மெர்சி, பொன் ஜூர்னே,” என்று நன்றியும் நல்ல நாளும் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். ஒழுங்கை முடிவில் லொறி திரும்பும்வரை கைகாட்டிக்கொண்டு நின்றேன்.

நான் எடுத்தது ஒரு தாயை. கொடுத்தது ஒரு தாயையும் பிள்ளையையும். கையும் அதற்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். இதை நான் ஃபராயிடம் சொல்லவில்லை, யோகராணியிடம்கூடச் சொல்லவில்லை. கடனைத் தீர்த்துவிட்டு ஊர் முழுவதும் சொல்லித் திரிந்தால் அதற்கு என்ன பெறுமதி? நல்லதை யாரும் பார்க்காதபோது செய்ய வேண்டும். அன்று கராஜில் என்னைத் தவிர ஒருவருமே இருக்கவில்லை.